குரோ பேக் வாங்கலாமா? சில வருடம் வைத்துப் பார்த்த பிறகு என் பதில்

ஆன்லைனில், மாடியில் செடி வளர்க்கும் குரோ பேக் பைகளின் விலை பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது, ஒரு செட் போட்டுவிடட்டுமா அக்கா என்று பழைய ஆபீஸ் தோழி கேட்டாள். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் புது வீடு, மேலே மொட்டைமாடி காலியாகக் கிடக்கிறதாம். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை.

என்னிடம் இருப்பது எல்லோரும் வாங்கும் அதே பச்சை எச்டிபிஇ பை, அதாவது பிளாஸ்டிக் நாடாவில் நெய்தது. 15க்கு 15 அங்குலம், கனம் 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 220 கிராம்). செம்மண், கோகோபீட் எனும் தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் கலந்த வழக்கமான கலவை. ராமமூர்த்தி நகரில் எங்கள் மாடியில் காலையிலிருந்து மூன்று மணி வரை நல்ல வெயில்.

விளைச்சலில் இந்தப் பை என்னை ஏமாற்றியதே இல்லை. வெண்டைக்கு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா போட்டேன். மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கட்டும் என்று உருவாக்கிய ரகம். பூ மலர்ந்த ஐந்தாறு நாளில் காயை அறுத்துவிட வேண்டும், இரண்டு நாள் விட்டால் நார் பிடித்துவிடும். தக்காளி, கத்தரி, கொத்தவரை எதிலும் குறையில்லை. 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தபோது, அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும்தான் செடிக்குப் போனது. கோகோபீட் ஈரத்தைப் பிடித்து வைத்ததால் செடிகள் தப்பித்தன.

ஆனால் அவரைதான் அவரை. ஆடியில் விதை ஊன்றினால் மாதக்கணக்கில் வெறும் கொடியாகத்தான் ஓடும். நாட்டு ரகம், பகல் பொழுது குறைய ஆரம்பித்தால்தான் பூக்கும். அதுவரை பொறுமையாக இருந்தால் மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய். டிசம்பர், ஜனவரியில் அவரைக்காய்க்கென்றே மேளா நடத்தும் ஊர் இது, காய்க்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் பனி காயாத காலையில் நாமே பறிக்கும்போது விரலில் ஏறும் அந்த எண்ணெய்ப் பிசுக்கும் வாசமும் தனி. கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்களுக்கு அடுத்து என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. உரித்த கொட்டையை ராத்திரி தண்ணீரில் போட்டு, காலையில் ஒவ்வொன்றாக அழுத்தினால் தோல் விரலில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். தேங்காயும் சோம்பும் அரைத்துவிட்டுப் பிதுக்கம்பருப்புக் குழம்பு, கூடக் கேழ்வரகுக் களி. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, சர்க்கரைக்காகச் சாப்பாட்டைக் குறைத்திருப்பவர், கேட்டு வாங்கி இன்னொரு உருண்டை சாப்பிட்டார்.

இப்போது பைக்கு வருகிறேன். போன கோடையில் தண்ணீர் கசிகிறது என்று வீட்டுக்காரர் மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் போட ஆள் கூட்டிவந்தார். பைகளை ஒரு பக்கமாக நகர்த்த வேண்டும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கைப்பிடி மட்டும் தனியாக வந்தது. அடியில் கை கொடுத்தால் பக்கவாட்டுத் தையல் விட்டு மண் கொட்டியது. வெயில் படும் மேல் விளிம்பு அப்பளமாக நொறுங்கியது. காய்த்துக்கொண்டிருந்த கத்தரி ஒன்று வேரறுந்து அன்றைக்கே வாடியது.

கிழிந்ததைக்கூட மன்னித்துவிடுவேன். நைலான் கயிற்றால் தைத்துக்கொள்ளலாம். மன்னிக்க முடியாதது அந்தப் பச்சை இழை. நெய்த நாடா இற்று இழை இழையாகப் பிரிந்து மண்ணோடு கலந்துவிட்டது. சிறுகீரை பிடுங்கினால் வேர்மண்ணில் பிளாஸ்டிக் நூலும் சேர்ந்து வருகிறது. அலசி, ஆய்ந்து, மறுபடி அலசி வைத்த பிறகும் நறுக்கும் பலகையில் ஒரு இழை கிடக்கிறது. மருந்தடிக்காத காய் சாப்பிட வேண்டும் என்றுதானே இத்தனை படி ஏறி இறங்குகிறோம்? அதே மண்ணில் பிளாஸ்டிக்கைத் தூவி வைத்தால் எப்படி?

உறையில் யூவி ட்ரீட்டட், அதாவது வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். எத்தனை வருடத்துக்கு என்று எங்கேயும் இல்லை. விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன், நேரடி வெயிலில் வைக்காதீர்கள் என்று பதில் வந்தது. வெண்டையையும் தக்காளியையும் நிழலிலா வளர்ப்பது? வெயில் மேல் பழி போடுவதில் ஓரளவு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைப்பது நமக்குத் தெரியாது, ஆனால் புற ஊதாக் கதிர் இங்கே குறைச்சல் இல்லை. அதுதான் பிளாஸ்டிக்கை இற்றுப்போக வைக்கிறது. அது தெரிந்துதானே இந்த ஊரில் விற்கிறார்கள்?

இப்போது சாயங்காலம் தோறும் மண்ணைக் காயவைத்துச் சல்லடையில் சலித்து இழை பொறுக்குகிறேன். இன்னும் முடியவில்லை.

அதனால் தோழிக்குச் சொல்வது: பாதி விலைக்கு என்ன, சும்மா கொடுத்தாலும் வாங்காதே. சமையல் எண்ணெயோ சிரப்போ வந்த நீல டிரம் பழைய சாமான் கடையில் கிடைக்கும். கெமிக்கல் வந்ததில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, குறுக்கே இரண்டாக அறுத்து, அடியில் துளை போட்டுக்கொள். கனம் கூடுதல்தான். சுவர் ஓரமாக, கீழே பீம் போகும் இடம் பார்த்து வை. அவரை விதைக்குக் கடைக்குப் போகாதே. கொடியிலேயே முற்றவிட்டுக் காயவைத்து எடுத்தது என்னிடம் இருக்கிறது, ஆடி பிறப்பதற்குள் வந்து வாங்கிக்கொள்.