ஏ321 எக்ஸ்எல்ஆர்: ஒற்றை நடைபாதை விமானத்தில் கடல் தாண்டலாமா?

ஏ321 எக்ஸ்எல்ஆர் நிற்காமல் பறக்கும் என்று அதைத் தயாரிக்கும் ஏர்பஸ் சொல்லும் தூரம் 8,700 கிலோமீட்டர். பாதை திட்டமிடுபவர்கள் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. குளிர்காலத்தில் மேற்கு நோக்கிப் பறக்கும்போது எதிர்க்காற்று எரிபொருளைத் தின்னும். மாற்று விமான நிலையத்துக்குத் திரும்பிப் போகவும் வானில் வட்டமிடவும் தனி எரிபொருள் இருப்பு வேண்டும். கணக்கு இடிக்கிற நாளில் முதலில் சரக்கு இறங்கும். அதுவும் போதாவிட்டால் சில இருக்கைகள் காலியாகப் பறக்கும்.

கூடுதல் தூரத்தின் ரகசியம் விமானத்தின் வயிற்றில் இருக்கிறது. சக்கர அறைக்குப் பின்னால், உடற்பகுதியோடு சேர்த்தே கட்டிய 12,900 லிட்டர் எரிபொருள் தொட்டி. 101 டன் புறப்பாட்டு எடைக்காகச் சக்கரக் கால்களையும் பலப்படுத்தியிருக்கிறார்கள். தொட்டி பிடித்த இடம் சரக்கறைக்கு இழப்புதான். சரக்கு வருமானத்தை நம்பும் பாதைக்கு இது வேண்டாம்.

கூட்டம் குறைந்த பாதைக்கோ அருமையான தேர்வு. ஸ்பெயினின் ஐபீரியா விமான நிறுவனம் 2024 நவம்பரில் மாட்ரிட்–பாஸ்டன் பாதையில் 182 இருக்கைகளோடு தொடங்கியது. இரட்டை நடைபாதை கொண்ட அகல உடல் போயிங் 787-9 என்றால் அதைவிட நூறு பேராவது கூடுதலாகப் பிடிக்க வேண்டும். முடியாமல் சேவையை வாரம் மூன்று நாளாகக் குறைத்தால், அலுவலகப் பயணிகள் தினசரி சேவை தரும் போட்டியாளரிடம் போய்விடுவார்கள்.

பயணிக்கு? சாப்பாட்டு வண்டி நடைபாதையில் நின்றால், அது நகரும்வரை கழிவறைக்கு வழியில்லை. எட்டு மணி நேரப் பயணத்தில் இது சின்ன விஷயமல்ல.

இறங்கவும் புறப்படவும் நேர ஒதுக்கீடு கிடைக்காமல் விமானங்கள் திணறும் பெரிய நிலையங்களுக்கு இதை அனுப்புவது வீண். அங்கே ஒரே ஒதுக்கீட்டில் அதிகம் பேரை ஏற்றும் அகல உடல் விமானம்தான் கட்டுப்படியாகும்.