கணினி அறை நாற்காலியா, நிலாவெளிக் கருவாட்டு வாடியா?

வேலையையும் கருவிகளையும் மனித உடலுக்கு ஏற்ப அமைப்பதைக் கற்பிக்கும் பணிச்சூழலியல் பாடத்துக்கு இரண்டு விதமான செயற்றிட்டங்களைக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். ஓர் ஆண்டு மாணவர்கள் கணினி அறையின் நாற்காலியையும் மேசையையும் திருத்தி வடிவமைத்தார்கள். அடுத்த ஆண்டு திருகோணமலைக் கரையிலுள்ள நிலாவெளியில், மீனைக் கீறிக் கருவாடு போடும் கொட்டிலான வாடிக்கு அனுப்பினேன். இனி எனக்கு வாடிதான்.

கணினி அறையில் வசதி அதிகம். பஸ் செலவில்லை, புள்ளியிடுவதும் சுலபம். ஆனால் அங்கே அளப்பவரும் மாணவர், அளக்கப்படுபவரும் மாணவர். நண்பன் செய்த நாற்காலி முதுகை உறுத்துகிறது என்று யார் வாய்திறந்து சொல்வார்? முதல் வரைபடமே கடைசி வடிவமாகிவிட்டது.

வாடியில் பெண்கள் நிலத்தில் குந்தியிருந்து மீன் கீறுவதைக் கண்ட ஒரு குழு, நின்று வேலை செய்ய மேசை வேண்டும் என்று முடிவெடுத்தது. செங்கல்லை அடுக்கி, மேலே பலகை போட்டு, முழங்கை மட்டத்துக்கு உயர்த்தினார்கள். ஓர் அக்கா பெரிய பாரை மீனொன்றை வைத்துக் கத்தியை அழுத்தினார். இரண்டாவது மீன் முடிவதற்குள் தோளைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, முதுகுக்குச் சுகம்தான். கத்திக்குப் பலம் எங்கிருந்து வரும்?”

அழுத்திச் செய்யும் வேலைக்கு மேசை முழங்கையிலிருந்து 15 முதல் 40 சென்ரிமீற்றர் வரை தாழ்ந்திருக்க வேண்டும். இது பாடக்குறிப்பில் இருக்கிறது. அதே மாணவர்கள் பரீட்சையில் எழுதியும் இருக்கிறார்கள். ஒவ்வொரு செங்கல்லாக உருவி, அக்கா “இது போதும்” என்ற இடத்தில் நாடா பிடித்தபோது 22 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது.

செய்ததைப் பயன்படுத்துபவரிடம் திரும்பக் கொண்டுபோக முடிகிறதா என்பதை வைத்தே இப்போது தெரிவு செய்கிறேன். ஒரே தடவை போய்வந்தால் வாடியாலும் பயனில்லை. முதல் நாள் எல்லோரும் மரியாதைக்கு “நல்லது பிள்ளைகள்” என்றுதான் சொன்னார்கள். மூன்றாவது தடவைதான் குறை சொன்னார்கள். ஆகவே பாடத்திட்டத்தில் மூன்று பயணங்களுக்கு நாள் ஒதுக்காதவர்கள் கணினி அறையோடு நிற்பது நல்லது.

ஒரேயொரு தொகுதி மாணவர்களை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வாடி வெறிச்சோடிவிடும். அப்போது சந்தையில் மூட்டை இறக்குவோரிடம் போகலாம் என்று எண்ணியிருக்கிறேன். பாரம் தூக்குவதற்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் வகுத்த சமன்பாடு தரும் எடை எல்லை, மிகச் சாதகமான நிலையிலும் 23 கிலோவைத் தாண்டாது. அங்கே முதுகில் ஏறுவது 50 கிலோ அரிசி மூட்டை. அது எப்படி அமையும் என்பதைச் செய்து பார்த்த பிறகுதான் எழுத முடியும்.