தூக்கம் வராத இரவுக்கு லிப்ரிவாக்ஸ்: தேவை ஒரே குரல்

காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து ஏற்றும் தளம் லிப்ரிவாக்ஸ். 2005 முதல் இயங்குகிறது. காசு வேண்டாம், கணக்கும் தொடங்க வேண்டாம். படுக்கையில் புரண்டுகொண்டிருப்பவர்களுக்கு அருமையான சேவைதான், பதிவைப் பார்த்து எடுத்தால்.

தூக்கத்தைக் கெடுப்பவை கூட்டுப் பதிவுகள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறுவார். மைக்கும் அறையும் உச்சரிப்பும் கூடவே மாறும். பதிவின் ஒலியளவை 89 டெசிபலை ஒட்டி வைக்கும்படி வாசிப்பவர்களிடம் சொல்கிறார்கள், ஆனாலும் கண் சொருகும் நேரத்தில் புதுக் குரல் கணீரென்று கேட்டால் விழிப்புத் தட்டிவிடும். மேம்பட்ட தேடலில் 'சோலோ' என்று கொடுத்தால் முழு நூலையும் ஒருவரே வாசித்த பதிவுகள் மட்டும் வரும்.

இன்னொரு தொல்லை, ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் வரும் "இது லிப்ரிவாக்ஸ் பதிவு" என்ற அறிவிப்பு. பகலில் காதில் விழாது, இரவில் அதுவே தட்டி எழுப்பும். அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் அத்தியாயங்கள் உள்ள நூலாகப் பாருங்கள். அறிவிப்பு முடிந்த இடத்திலிருந்து ஓடவிட்டு, டைமரை 20 நிமிடத்தில் வையுங்கள். கதை தெரிந்த நூல் நல்லது. அடுத்து என்ன ஆகும் என்ற பதற்றம் இருக்காது.

முன்னிரவிலேயே இறக்கி வைத்துவிட்டு ஏரோபிளேன் மோடுக்கு மாறுங்கள். 64 கேபிபிஎஸ் ஒலித்தரத்தில் உள்ள கோப்பு மணிக்கு சுமார் 29 எம்பி. பேச்சுக்கு அது தாராளம். ஆண்ட்ராய்டில் ஸ்மார்ட் ஆடியோபுக் பிளேயர் என்ற ஆப்பில் போட்டுக் கேட்டால், டைமர் முடிந்தபின் போனைக் குலுக்கினாலே தொடரும், திரையைப் பார்க்க வேண்டியதில்லை. முழு வசதிகள் முதல் 30 நாள் இலவசம்.

போனைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள், சூடாகும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு இயர்பட்ஸ் காதை அழுத்தும். துணிப்பட்டைக்குள் தட்டையான ஸ்பீக்கர் வைத்த ஹெட்பேண்ட் வசதி.

வாரத்தில் மூன்று இரவு, மூன்று மாதத்துக்கு மேல் இதே கதை என்றால் டாக்டரைப் பாருங்கள். சிபிடி-ஐ என்ற சிகிச்சை (தூக்கமின்மைக்கான அறிவாற்றல்-நடத்தை சிகிச்சை) இருக்கிறது, மாத்திரைக்கு முன்னால் அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

குறை என்றால், பெரும்பாலானவை ஆங்கிலம். தமிழ்ப் பதிவுகள் மிகச் சொற்பம். தமிழில் மட்டுமே கேட்பவர்களுக்கு இந்தத் தளம் போதாது.