காசிமேடு மீன் வாங்கப் போகிறீர்களா? இறால் தலையைத் தூக்கிப் போடாதீர்கள்

போன வருடம் வரை ஆன்டிஆக்ஸிடன்ட் (உடம்பில் ஆக்ஸிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் பொருள்), ஒமேகா-3 என்று நானும் மீன் எண்ணெய் மாத்திரைதான் வாங்கிக்கொண்டிருந்தேன். எந்த பிராண்ட் என்பது வேண்டாம். ஒரு நாள் சந்தேகம் வந்து ஊசியால் குத்திப் பார்த்தால் சரியான சிக்கு வாடை. மீன் கொழுப்பு அப்படித்தான், அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பான டிஹெச்ஏவில் மட்டும் ஆக்ஸிஜன் எளிதில் தாக்கும் 6 இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் காற்றும் சூடும் பட்டால் சீக்கிரம் ஆக்ஸிஜனேறிக் கெட்டுவிடும். அப்படிக் கெட்டதைத்தான் உடம்புக்கு நல்லது என்று தினமும் விழுங்கியிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஞாயிறு விடிகாலையில் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகம்தான், எனக்கு ரொம்பத் திருப்தி. ஏலம் முடிந்த கையோடு கூறு போட்டு விற்பார்கள், நீங்களே செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருக்கிறதா, கண் குழியாமல் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு வாங்கலாம். தரை ஈரமாகத்தான் இருக்கும், ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஐஸ் போட்ட பெட்டி ஒன்று கட்டாயம், ஏனென்றால் வெயிலில் ஒரு மணி நேரம் பையில் கிடந்தால் காலையில் எழுந்து போனதே வீண்.

நான் பார்த்ததும் வாங்குவது சூரை. பலரும் கறுப்பாக இருக்கிறது என்று ஒதுக்குகிறார்கள், ஆனால் சமைத்த மஞ்சள் துடுப்புச் சூரை 85 கிராமில் சுமார் 90 மைக்ரோகிராம் செலினியம் இருக்கிறது, பெரியவர்களுக்கு ஒரு நாளுக்குத் தேவை 55தான். நம் உடம்பு தானே தயாரிக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் நொதியான குளுட்டாதையோன் பெராக்ஸிடேஸுக்கு இந்தச் செலினியம் வேண்டும். சூரை மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாக இருக்கலாம் என்பதால் கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் மத்தி, நெத்திலி மாதிரிச் சின்ன மீன்களை வாங்குவது நல்லது.

அப்புறம் இறால். சுத்தம் செய்து தரும் அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், "அக்கா, தலையும் ஓடும் எனக்கு வேணும்" என்று. வேகும்போது இறால் சிவக்கிறதே, அது அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி, இதுவும் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட். வேகும் முன் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறத்தில் மறைந்திருக்கும், சூட்டில் புரதம் குலைந்ததும் வெளியே வரும். சதையைவிட ஓட்டில்தான் அதிகம், தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் தலையையும் ஓட்டையும் நல்லெண்ணெயில் மிதமான தீயில் வதக்கி, எண்ணெய் ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் வடிகட்டி, அதிலேயே வெங்காயம் தாளித்து இறால் தொக்கு வையுங்கள். வீட்டில் இப்போது வேறு மாதிரி வைத்தால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, வரத்து குறைந்து விலை ஏறிவிடும். முதல் தடவை போகிறவர்கள் அந்த 61 நாளைத் தவிர்த்துப் போங்கள்.