சிசேரியனுக்கு நாள் குறித்தாயிற்று, பாட்டிக்கு உடம்பு முடியவில்லை: மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது?

சென்னையில் மகளுக்கு இரண்டாவது சிசேரியன். தென்காசியிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் அம்மா வந்து இறங்குவார், இரண்டரை வயது மூத்தவனைப் பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. பத்து நாள் இருக்கும்போது அம்மாவுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி வந்துவிடுகிறது. இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். முதல் குழந்தை சிசேரியன் என்றால் இரண்டாவதும் பெரும்பாலும் அப்படித்தான். தேதி கையில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

உடனே எல்லோரும் ஆபரேஷன் நாளை மனதில் வைத்து ஆள் தேடுவார்கள். அந்த நாலைந்து நாள் எப்படியும் ஓடிவிடும். அப்போது எதிர்வீட்டுக்காரர்கூட சாதம் ஊட்டுவார். மூன்றாவது வாரம்தான் ஆளைக் கொல்லும். கணவர் வேலைக்குத் திரும்பியிருப்பார், விசாரிக்க வந்தவர்கள் வந்து போயிருப்பார்கள். கைக்குழந்தையைவிட கனமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருப்பார். மூத்தவனோ பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ. அவனைக் குளிப்பாட்டுவது, கால் கழுவி விடுவது, தூக்கத்தில் அழுதால் தூக்குவது எல்லாமே அந்தத் தையலுக்கு ஆகாத வேலை. அதனால் கீழே உள்ள வழிகளை ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: இது நாலாவது வாரம் வரை தாங்குமா?

அதற்கு முன், பாட்டிக்கு வந்திருப்பது என்ன என்று பார்த்துவிடுவது நல்லது. அக்கி என்றால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை கர்ப்பிணி பக்கம் வரக் கூடாது. பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் காய்ந்துவிடும், ஆனால் எரிச்சலும் வலியும் அதற்குப் பிறகும் இழுக்கலாம். சின்னம்மை வைரஸ்தான் அக்கியாகத் திரும்பி வருகிறது. அதனால் அம்மை வராதவர்களுக்கு அந்தக் கொப்புளத்திலிருந்து அம்மை தொற்றலாம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்கு அம்மை போட்டால் பச்சைக் குழந்தைக்கு ஆபத்து அதிகம். தனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா என்று கர்ப்பிணிக்கே சந்தேகம் என்றால், அக்கி எழுதுகிறவரைத் தேடுவதற்கு முன் தன் டாக்டருக்குப் போன் போடட்டும். டெங்கு என்றால் ஆளிடமிருந்து ஆளுக்கு நேரடியாகத் தொற்றாது; ஆனால் காய்ச்சல் விட்டும் பாட்டி பல நாள் துவண்டுதான் இருப்பார். கால் முறிவு என்றால் இந்தப் பிரசவத்துக்கு அவரை எதிர்பார்க்கவே வேண்டாம்.

தேதியைத் தள்ளுவதா?

நல்ல நேரம் பார்த்துத்தானே தேதி வாங்கினோம், அதை நாலு நாள் நகர்த்தினால் என்ன என்று தோன்றும். வேறு சிக்கல் இல்லாத சிசேரியனை 39 வாரம் முடிந்தபின் வைப்பதுதான் வழக்கம். அதற்கு முன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே "அண்ணி அடுத்த வாரம் ஊரில் இருக்க மாட்டாள்" என்பதற்காக முன்னே இழுப்பது தப்பு. பின்னே தள்ளினால் வலி தானாகவே வந்துவிடலாம், பழைய தையல் உள்ள கர்ப்பப்பைக்கு அது நல்லதில்லை. ஓரிரு நாள் என்றால் டாக்டரைக் கேட்டுப் பார்க்கலாம். பாட்டிக்குக் குணமாகும் வரை என்பதெல்லாம் நடக்காது. அதோடு, ஓரிரு நாள் தள்ளி என்ன கிடைக்கப் போகிறது? மூன்றாவது வாரம் அப்படியே இருக்கும்.

மூத்தவனை ஊருக்கு அனுப்புவதா, மாமியாரை வரவழைப்பதா?

பெரும்பாலான வீடுகளில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். "பெரியம்மா வீட்டில் விட்டுவிடு, பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டு இருப்பான்" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளை, மே மாத விடுமுறை, பெரியம்மா வீடு பழகிய வீடு என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டரை வயதுக்கு இது வேலைக்காகாது. அம்மாவை விட்டு ஒரு ராத்திரிகூடத் தூங்காத பிள்ளை பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்து, தன் இடத்தில் ஒரு பாப்பா படுத்திருப்பதைப் பார்க்கும். அதற்குப் பிறகு அம்மா இடுப்பை விட்டு அவன் இறங்க மாட்டான். அதுவும் சரியாக அந்த மூன்றாவது வாரத்தில். அந்த ஊரில் காய்ச்சலோ அம்மையோ ஓடிக்கொண்டிருந்தால் அதையும் வாங்கிக்கொண்டு வருவான். அம்மை தொற்றி வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும் என்பதால், கிளம்பும்போது நன்றாகத்தான் இருப்பான். சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவச அட்டவணையில் இல்லை, தனியாகப் போட்டிருந்தால்தான் உண்டு.

மாமியார் வருவது இதைவிட எவ்வளவோ மேல். தலைப்பிரசவம்தான் தாய் வீட்டில். இரண்டாவதுக்கு மாமியார் பார்ப்பது பல குடும்பங்களில் வழக்கமும்கூட. தயக்கம் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். பத்தியத்தில் பூண்டு எவ்வளவு, மூத்தவன் கையில் போன் கொடுக்கலாமா என்பதில் ஆரம்பித்து எதிலும் இழுபறி வரலாம். அதைச் சமாளித்துவிடலாம். அவருக்கு முட்டிவலி இருக்கிறதா, மாமனார் தனியாக இருந்துகொள்வாரா, பேரன் அவர் பக்கத்தில் படுத்துத் தூங்குவானா என்பவைதான் பெரிய கேள்விகள். தூங்கமாட்டான் என்றால் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே அவரை வரவழைத்துப் பழக்க வேண்டும். முந்தைய நாள் சாயங்காலம் பையோடு வந்து இறங்கினால், ஆஸ்பத்திரியில் இருப்பவளுக்கு ராத்திரி முழுக்கப் போன் வந்துகொண்டே இருக்கும்.

கணவர் லீவ் போடுவது

மத்திய அரசு ஊழியருக்கு இரண்டாவது குழந்தைக்கும் 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் வேலையில் சட்டப்படி ஒன்றும் கிடையாது, நிறுவனம் கொடுத்தால்தான். சொந்தக் கடை, டிரைவர் வேலை என்றால் லீவ் போட்ட அன்றைக்கு வருமானமும் லீவ்.

இருக்கிற லீவை எங்கே செலவழிப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: கணவர் இரவில் வீட்டில், மூத்தவன் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் துணைக்கு நாத்தனாரோ, அக்காவோ, திடமான ஒரு பெண் இருக்கட்டும். பிரசவ வார்டில் இரவில் ஆண்களைத் தங்க விடாத அரசு மருத்துவமனைகளும் உண்டு, அங்கே எப்படியும் பெண் துணைதான். கட்டிலிலிருந்து எழுப்பி பாத்ரூமுக்குக் கூட்டிப் போக, குழந்தையை எடுத்துக் கொடுக்க யாராலும் முடியும். அம்மா இல்லாத ராத்திரியில் பிள்ளைக்கு அப்பாவின் இடத்தில் வேறு யாரும் இல்லை. "பொண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இவன் வீட்டில் இருக்கிறான்" என்று யாராவது பேசத்தான் செய்வார்கள். பேசட்டும். லீவைப் பிரித்து எடுக்க ஆபீஸில் விட்டால் பாதியை மூன்றாவது வாரத்துக்கு ஒதுக்குவது இன்னும் நல்லது.

ஆள் வைப்பது, டே கேர்

ஏஜென்சி மூலம் ஆயா கிடைப்பார். முன்பணம் வாங்குவார்கள், அனுப்பிய ஆள் நிற்கவில்லை என்றால் வேறு ஆள் அனுப்புவார்கள். வாரத்துக்கு ஒரு புது முகம் என்றால் மூத்தவன் யாரிடமும் ஒட்டமாட்டான். அதனால் பிள்ளையைச் சொந்தக்காரர் பார்க்க, சமையல், துணி, பாத்திரம் மூன்றுக்கும் சம்பளத்துக்கு ஆள் வைப்பதே சரி. நம் வீடுகளில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. மாமியார் சமையலறையிலேயே நின்றுகொண்டிருப்பார், புது ஆயாவைக் கண்டு மூத்தவன் வீறிட்டுக்கொண்டிருப்பான். வெளி ஆளால் நாலாவது வாரத்தையும் தாண்ட முடியும். பணம் மட்டும்தான் பிரச்சினை.

டே கேர் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏற்கெனவே போகிற பிள்ளை என்றால் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அங்கன்வாடிக்குப் போகிற பிள்ளை தொடர்ந்து போகட்டும், பழகிய இடம், மதியச் சாப்பாடும் ஆயிற்று. 38ஆவது வாரத்தில் புதிதாகச் சேர்ப்பது மட்டும் வேண்டாம். சேர்ந்த புதிதில் பிள்ளைகளுக்குச் சளியும் இருமலும் விடாது, அது நேரே பச்சைக் குழந்தையின் தொட்டிலுக்குத்தான் வந்து சேரும்.

ஆக, இரண்டரை வயதுப் பிள்ளைக்கு என் வரிசை: இரவில் அப்பா, பகலில் முன்கூட்டியே வந்து பழகிய மாமியார், அடுப்படிக்குச் சம்பள ஆள். மாமியாரும் வர முடியாது என்றால், பிள்ளையை அனுப்பாமல், பெரியம்மாவையோ சித்தியையோ ஒரு வாரத்துக்கு இங்கே கூப்பிடலாம். ஆனால் எல்லோரையும் முதல் வாரத்திலேயே குவிக்கக் கூடாது, ஒருவர் கிளம்பும் நாளில் அடுத்தவர் வரும்படி வைக்க வேண்டும். அக்கி காய்ந்துவிட்ட தென்காசி அம்மாவுக்கும் இதில் இடம் இருக்கிறது. உடம்பில் தெம்பு வந்தபின், டாக்டர் சரி என்றால், ரத்து செய்த டிக்கெட்டை ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரத்துக்குத் திரும்பப் போடலாம். குறித்த தேதிக்கு முன்பே ராத்திரியில் வலி வந்துவிட்டால், மாமியாரும் வந்து சேராத அந்த வாரத்தில், மூத்தவனோடு வந்து படுக்கப் போகும் பக்கத்து வீட்டு அக்காவிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி, மாற்றுச் சாவியையும் கொடுத்துவிடுங்கள்.