ஹை மைலேஜ் 10டபிள்யூ-40: பழைய எஞ்சினில் என்ன செய்யும், என்ன செய்யாது

டப்பாவில் ‘ஹை மைலேஜ்’ என்று போட்டு வரும் 10டபிள்யூ-40 (கெட்டித்தன்மையைக் காட்டும் கிரேடு: முதல் எண் குளிருக்கு, இரண்டாவது சூட்டுக்கு) செமி சிந்தெடிக் எஞ்சின் ஆயில், அதாவது தாது எண்ணெயும் செயற்கை எண்ணெயும் கலந்தது, லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடிய பெட்ரோல் எஞ்சினுக்கு நல்ல தேர்வு. ஆனால் அதை வாங்குகிறவர்களில் பலர் ஆயிலிடம் எதிர்பார்ப்பது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலையை.

இதன் உண்மையான பலம் சீல்களில், அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களில் தெரியும். வருடக்கணக்காகச் சூட்டில் வெந்த ரப்பர் இறுகிச் சுருங்கிவிடும். எஞ்சின் மேல்மூடியான டேப்பெட் கவர் ஓரத்திலும் கிராங்க் ஷாஃப்ட் முனையிலுள்ள சீலிலும் ஈரம் படர்ந்து, அதில் தூசி அப்பிக் கறுப்பாக நிற்கும். இந்த ஆயிலில் இருக்கும் சீல் கண்டிஷனர் ரப்பரில் ஊறி அதை இளக்கி, லேசாக உப்ப வைக்கிறது. ஊற்றிய மறுநாளே பலனைத் தேடக்கூடாது. ஓரிரண்டாயிரம் கிலோமீட்டராவது ஓடட்டும். கிழிந்த சீலுக்கோ, ஷாஃப்டில் பள்ளம் விழுந்த இடத்துக்கோ இது மருந்தல்ல.

நீலப் புகைக்கும் அப்படித்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குபீர் புகை வந்து அடங்கினால் வால்வ் சீலைச் சந்தேகிக்கலாம். அங்கே ஓரளவு பலன் கிடைக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தேய்ந்த இரும்பை எந்த ஆயிலும் வளர்க்காது.

‘பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்’ என்று கண்ணை மூடிக்கொண்டு 20டபிள்யூ-50க்குத் தாவ வேண்டாம். 100 டிகிரி செல்சியஸில் 40 கிரேடின் பிசுக்குமை (கெட்டித்தன்மை) 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை; 50 கிரேடு அதற்கு மேல் தொடங்கி 21.9 வரை போகும். குளிர்ந்த எஞ்சினில் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். வால்வைத் தள்ளும், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்டர் டிக் டிக்கென்று தட்டும். மேனுவல் அனுமதிக்கும் கிரேடுகளுக்குள்ளேயே நில்லுங்கள். சூடான ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்கினால், முதலில் பிரஷர் கேஜ் மாட்டி ஆயில் அழுத்தத்தை அளக்க வேண்டும். கெட்டி ஆயில் விளக்கை அணைக்கும், பேரிங் தேய்மானத்தை மறைத்துவிடும்.

ஃபிளாட் டேப்பெட் கேம் (வால்வைத் திறக்கும் கேம், உருளை இல்லாத தட்டையான டேப்பெட்டின் மேல் உரசி ஓடும் அமைப்பு) உள்ள கார்புரேட்டர் காலத்து எஞ்சின் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பெட்ரோலியம் நிறுவனமான ஏ.பி.ஐ.யின் எஸ்.பி. தரத்தில் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்குப் பாஸ்பரஸ் உச்சவரம்பு 0.08 சதவீதம், 10டபிள்யூ-40க்கு அந்த வரம்பு இல்லை. கேம் தேயாமல் காக்கும் துத்தநாகச் சேர்மானத்தோடு வருவதுதான் பாஸ்பரஸ். எனவே ஆயில் தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டில் பாஸ்பரஸ் அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்த ஆயிலுக்கு மாறும்போது, எஞ்சினுக்குள் கசடைக் கரைக்கும் ஃபிளஷ் திரவம் ஊற்றாதீர்கள். பெயர்ந்த கசடு, ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்புக்குள் இருக்கும் சல்லடையை அடைத்தால் எஞ்சினுக்கு ஆயிலே ஏறாது. புது ஃபில்டரோடு ஊற்றி, முதல் முறை மட்டும் 3,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் கறுப்புக் களி படிந்திருந்தால், சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகே மாறலாம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து, முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். ஆயிரம் கிலோமீட்டரில் அந்த அளவு இறங்கினால், அடுத்த டப்பா வாங்குவதற்கு முன் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள்.