மண்டபத்தில் எங்கள் மாலை மையம்: பிள்ளைகளை அனுப்பிய அனுபவம்

கொரோனா ஊரடங்கு முடிந்து 2021 நவம்பரில் சின்ன வகுப்புகள் திறந்த சமயத்தில், ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற எங்கள் ஊரில், தெருவுக்குப் பின்னால் இருக்கும் சமுதாயக் கூடத்தில் நடக்கும் மாலை மையத்தில் என் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தேன். அப்போது மகன் எட்டாவது, மகள் நாலாவது. இன்றைக்கு அவன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் இரண்டாம் வருடம் படிக்கிறான், அவள் எட்டாவது படிக்கிறாள். இத்தனை வருடம் கூடவே இருந்து பார்த்ததால், மற்ற கரையோர ஊர்களில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் இப்படி ஒரு மையம் தொடங்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

கட்டணம் கிடையாது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழரை வரை வீட்டுப்பாடம், வாசிப்பு, கேரம், சனிக்கிழமை கைப்பந்து. படித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் அக்கா, அண்ணன்மார்தான் நடத்துகிறார்கள். இதில் பெரிய விசேஷம் எதுவும் இல்லை. அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்த பிறகு சாயங்கால வகுப்பு தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த விஷயம்தான். எங்கள் மையத்தை நான் மெச்சுவதற்குக் காரணம், அது கடலின் நாள்காட்டியைப் பார்த்து நடக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிய வேண்டும். இங்கே விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ராத்திரி முழுக்க மடி இழுத்துவிட்டு மறுநாள் காலையில் கரை திரும்புவார்கள். படகு வரும் நாளில் அப்பா தூக்கத்தில் இருப்பார், அம்மா இறால் தரம் பிரிக்கவோ நண்டு கம்பெனிக்கோ போயிருப்பார். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு பூட்டியிருக்கும். அந்த நாட்களில் மையத்தை நாலு மணிக்கே திறந்து, சுண்டலோ அவித்த கிழங்கோ கொடுத்து, அம்மா வந்து கூப்பிடும்வரை வைத்துக்கொள்கிறார்கள். இந்த ஒரு மணி நேரம்தான் எங்களைப் போன்ற வீடுகளுக்குப் பெரிய உதவி.

இதற்கு முன்னால் நகரத்திலிருந்து ஒரு அமைப்பு வந்தது. நகரத்துக் குடிசைப் பகுதிகளுக்குப் போட்ட பாடத்தையும் கால அட்டவணையையும் அப்படியே இங்கே இறக்கினார்கள். டேப்லெட் எல்லாம் தந்தார்கள். ஆனால் ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் அவர்களுக்கு விடுமுறை. எங்கள் பையன்கள் படிப்பை விட்டு விலகிப்போவதே அந்த மாதத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கட்டிக் கிடக்கும், வீட்டில் காசு நடமாடாது, நிவாரணப் பணம் வந்ததும் கடன்காரனுக்குப் போய்விடும். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும். அதனால் ஏப்ரல், மே மாதம் இங்கிருந்து கேரளாவுக்கும் மங்களூருக்கும் கூலிக்குப் போகிறவர்கள் உண்டு. பதினாலு பதினைந்து வயசுப் பையனையும் சித்தப்பா, மாமா "சும்மாதானே இருக்கான், வரட்டும்" என்று கூட்டிக்கொண்டு போவார். கையில் காசைப் பார்த்த பையனை ஜூனில் பள்ளிக்கூடத்துக்குத் திருப்புவது லேசு இல்லை. அந்த அமைப்பு நிதி முடிந்ததும் கிளம்பிவிட்டது, டேப்லெட்டும் போனது.

இப்போதுள்ள மையம் அந்த இரண்டு மாதம் காலையிலும் மாலையிலும் திறந்திருக்கிறது. ஒன்பதாவது முடித்த பையன்களைத் தனியாக உட்காரவைத்து, இஞ்சின் பழுது பார்க்கிறவர், ஐஸ் கம்பெனி எலக்ட்ரீசியன், வலை பின்னுகிற பெரியவர் என்று ஊர் ஆட்களையே அழைத்துப் பேசவைக்கிறார்கள். என் மகனையும் அவன் பெரியப்பா கூப்பிட்டார். மையத்து அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து, "பத்தாவது மட்டும் முடிக்கட்டும் அண்ணே, அப்புறம் நீங்க சொல்றதை அவன் கேட்பான்" என்று என் மகனின் அப்பாவிடம் பொறுமையாகப் பேசினார். திரும்பவும் வந்தார். மகன் பத்தாவது முடித்தான். இன்று அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் வரும் ஆயிரம் ரூபாய் அவன் பஸ் செலவுக்கு ஆகிறது.

முகாம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மண்டபத்தைப் பற்றிச் சொன்னதாக ஆகாது. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களைத் தங்கவைத்த முகாம் இங்கேதான் இருக்கிறது. 2022-இல் அங்கே பொருளாதாரம் விழுந்தபோதும் அரிச்சல்முனைப் பக்கம் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அப்படி வந்த ஒரு பையனை அவன் அம்மா கூட்டிவந்து, "பள்ளிக்கூடத்துல சேர்க்கிற வரைக்கும் எங்கட பிள்ளை இங்க இருக்கலாமோ அக்கா?" என்று கேட்டார். எந்தக் காகிதமும் கேட்கவில்லை, அன்றைக்கே பாயில் இடம் கொடுத்தார்கள். தெருப் பிள்ளையும் முகாம் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து படிப்பதைப் பார்க்க எனக்கு மனசு நிறைந்துவிடும்.

முகாமிலேயே பிறந்து வளர்ந்த பெரிய பிள்ளைகளின் கஷ்டம் வேறு. 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியாவில் பிறந்திருந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. பெற்றோர் இருவருமே இலங்கையிலிருந்து வந்தவர்களாக இருந்தால், பிள்ளை எவ்வளவு மார்க் எடுத்தாலும், குடியுரிமை கேட்கும் அரசு வேலைக்கு மனுப் போட முடியாது. மையத்தில் இதை மறைக்காமல் பத்தாவதிலேயே சொல்லிவிடுகிறார்கள். எந்தப் படிப்பு படித்தால் தனியாரில் வேலை கிடைக்கும், எந்தக் காகிதத்தை இப்போதே வாங்கி வைக்க வேண்டும் என்று வக்கீல் ஒருவரை வரவழைத்துச் சொல்லவைத்தார்கள். 1986-இல் இதே மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டதை அந்த வக்கீல் சொன்னபோது பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். பிறகு ஆளாளுக்குத் தங்கள் பிறந்த வருடத்தைச் சொல்லி விசாரித்தார்கள். அநேகமாக எல்லாருமே அந்தத் தேதிக்கு வெகு பின்னால் பிறந்தவர்கள். அதைக் கேட்டுக்கொண்டு இருப்பது பெரியவர்களுக்கே தாங்காது. ஆனாலும் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வாசலில் திகைத்து நிற்பதைவிட, முன்னாலேயே தெரிவது அவர்களுக்கு நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. வயசுக்கு வந்த பெண்பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஏழரை மணிக்கு இருட்டில் நடந்து வரவேண்டும், வாடைக் காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், தெருவிளக்கு பாதி எரிவதில்லை. நாங்கள் நாலைந்து அம்மாக்கள் முறை வைத்துக் கூட்டிவருகிறோம். ஆனால் கடல்பாசி எடுக்கப் போகும் வீடுகளில் அம்மாவுக்கு அந்தத் தெம்பு இருக்காது, அவர்கள் பெண்கள்தான் முதலில் நிற்கிறார்கள். கைப்பந்தும் பையன்கள் ராஜ்யமாகவே இருந்தது. நாங்கள் கேட்ட பிறகு வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்கு ஒதுக்கினார்கள், என் மகள் அதற்காகவே போகிறாள்.

சொல்லித் தருகிறவர்கள் நிலைப்பதும் இல்லை. வேலை கிடைத்ததும் திருப்பூர், சென்னை என்று போய்விடுகிறார்கள். அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன், அவர்களும் இதே கரையில் பிறந்த பிள்ளைகள்தான். ஆனால் பிள்ளைகள் ஒருவரிடம் ஒட்டிக்கொண்ட பிறகு அந்த ஆள் போனால் ஒரு மாதம் கூட்டம் குறைந்துவிடுகிறது. மாதம் ஒரு தொகை உறுதியாகக் கொடுத்தால் இரண்டு பேராவது நிற்பார்கள். பந்து, பை, பேனா வாங்கித் தரும் நல்லவர்கள் அந்தப் பணத்தைச் சம்பளமாகக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சேர்க்க வேண்டுமானால் ஜூன் வரை காத்திருக்க வேண்டாம், எந்த நாளும் சேர்ப்பார்கள். ஆதார் கேட்பதில்லை. பெற்றோரில் ஒருவர் வந்து, எந்த நாளில் கடலுக்குப் போவோம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று சொன்னால் போதும். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு இப்போது ஆள் இல்லை. உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர்கள் யாராவது செவ்வாய், வியாழன் சாயங்காலம் வந்து சொல்லித் தர முடியுமானால் பொதுத்தேர்வுக்குள் வாருங்கள்.